ஐந்தாம் கட்டிலின் கோடு

பதினொன்று பத்துக்குச் சொட்டு விட்டாயிற்று. பதினைந்து நிமிடம், அதாவது பதினொன்று இருபத்தைந்து. அதற்கு முன்னால் முடிவு படிக்காதே, இருபது நிமிடம் தாண்டினால் படிக்கவே படிக்காதே என்று பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாள் சொல்கிறது. படிக்காமல் இருக்கலாம். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தபின் பார்க்காமல் எப்படி இருப்பது? நடைவழி மேசையில் ஒரு எஃகுத் தட்டு, அதில் கட்டைவிரல் நீளத்துக்கு இரண்டு வெள்ளைப் பட்டைகள், ஒன்றில் மார்க்கரால் 3, மற்றதில் 5. பிள்ளைகளே மூக்கில் குச்சி விட்டு, திரவத்தில் கலக்கி, சொட்டு விட்டு, கட்டில் எண்ணை எழுதி, ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டினார்கள். நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வேலை நேரம் பார்ப்பது, கோடு பார்ப்பது, ரிஜிஸ்டரில் எழுதுவது. ஒரு கோடு வந்தால் வெளியே வரலாம். இரண்டு கோடு வந்தால் இன்னும் இரண்டு நாள், பிறகு மறுபடியும் பட்டை. எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான் என்று பிரின்சிபால் சுற்றறிக்கையில் அடிக்கோடு வேறு போட்டிருக்கிறார். கொரோனா என்று ஆறு பேர் உள்ளே போனார்கள், நான்கு பேர் வந்துவிட்டார்கள். மீதி இரண்டு பேர், மர்ஜானாவும் முனீஸ்வரியும். பொம்மையைச் சேர்த்தால் மூன்று. தனி இடம் வேறெதுவும் இல்லாததால் செய்முறை வகுப்பு நடக்கும் டெமோ ரூமைத்தான் ஒதுக்கினோம், அங்கே ஏழு ஆஸ்பத்திரிக் கட்டில்கள் உண்டு, முதல் கட்டிலில் இருபது வருஷமாக ஒரு ரப்பர் பொம்மை படுத்திருக்கிறது, ஊசி போட்டுப் போட்டுக் கையெல்லாம் துளை. பிள்ளைகள் அதற்குப் பேபியம்மா என்று பெயர் வைத்து, முகக்கவசம் மாட்டி, தினமும் காய்ச்சல் பார்த்து, சார்ட் எழுதுகிறார்கள். "மேடம், பேபியம்மாவுக்கு மட்டும் ஒரு தடவகூட பாசிட்டிவ் வரல, அவங்கள மொதல்ல டிஸ்சார்ஜ் பண்ணுங்க" என்று முனீஸ்வரி நேற்று ஜன்னலில் நின்று கத்தினாள். கமுதிப் பக்கத்துத் தொண்டை, மாடி வரை கேட்கும்.

பதினொன்று பன்னிரண்டு. இரண்டிலும் ஈரம் ஏறிக்கொண்டிருக்கிறது, இளஞ்சிவப்பாக, சுவரில் மழைநீர் ஏறுவதுபோல. மழைநீர் இறங்கும், ஏறாது, ஆனால் நாகர்கோவில் வீட்டில் அடுக்களைச் சுவரில் ஏறும், அம்மா கரித்துணியால் துடைத்துக்கொண்டே இருப்பாள். மர்ஜானாவின் அப்பா, அவள் வாயில் அத்தா, இப்போது எங்கே இருப்பார்? தொண்டிக்குப் பக்கத்திலிருந்து பதினோரு மணிக்கே கிளம்பிவிடுவார் என்று அவள் சொல்லியிருந்தாள். இரண்டு மணிக்கு நம் வாசல். புதுக்கோட்டை ரோட்டிலேயே கல்லூரி இருப்பதால் திருச்சி விமான நிலையம் போகிற எந்த வண்டியும் நம்மைத் தாண்டித்தான் போக வேண்டும். சாயங்காலம் ஏழு மணி விமானம், ஆனால் அங்கேயே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள், அதனால் மூன்றரைக்கே நிற்க வேண்டுமாம். மூன்று வருஷம் கழித்து ஷார்ஜாவிலிருந்து வந்த மனிதர். பதினான்கு நாள் விடுப்பு. வந்தவுடன் ஏழு நாள் வீட்டிலேயே தனி அறை, அரசாங்க விதி, அந்த ஏழு நாளும் இவளுக்கு வார்டு டியூட்டி. எட்டாம் நாள் ஊருக்குப் போக பையைக் கட்டி வைத்தாள், காலையில் தொண்டை கரகரத்தது, மத்தியானம் இரண்டு கோடு. அவர் வெளியே வந்த அன்று இவள் உள்ளே போனாள். இதை யாராவது கதையில் எழுதினால் ரொம்பத்தான் இழுக்கிறார்கள் என்று நானே சொல்வேன். இன்றைக்கு ஒரு கோடு வந்தால் அவள் வண்டியில் ஏறி, அத்தா பக்கத்தில் உட்கார்ந்து, விமான நிலையம் வரை நாற்பது நிமிடம் போகலாம். அவ்வளவுதான் கேட்கிறாள். நாற்பது நிமிடம். நான் சொல்லித்தரும் வகுப்பே அதைவிட நீளம், அதில் பாதி நேரம் கொட்டாவி விடுகிறாள்.

பதினொன்று பதினாலு. முதல் கோடுகள் வந்துவிட்டன, இரண்டிலும், சி என்ற எழுத்துக்கு எதிரே, கறுஞ்சிவப்பாக. இது வந்தே தீரும், பட்டை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். டி என்ற எழுத்துக்கு எதிரே வருவதுதான் விஷயம். அங்கே ஒன்றும் இல்லை. இரண்டிலும் இல்லை. இல்லையா? கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்க்கிறேன், இறக்கிப் பார்க்கிறேன். முகக்கவசத்துக்குள் விடுகிற மூச்சு கண்ணாடியில்தான் வந்து உட்காருகிறது. கொஞ்ச நாளாக இடது கண்ணில் ஒரு மங்கல், விளக்கைச் சுற்றி வளையம், டாக்டரிடம் போனால் என்ன சொல்வார் என்று தெரியும், அதனால் போகவில்லை. நர்ஸ்களைப் போல வைத்தியத்துக்குப் பயப்படுகிறவர்கள் உலகத்தில் இல்லை. பட்டையை இப்படி முறைத்துப் பார்ப்பது எனக்குப் புதிதில்லை. தொண்ணூற்றெட்டில், கல்யாணம் ஆகி மூன்றாம் வருஷம், ஆஸ்பத்திரி லேபில் இருந்த லில்லி ஒரு பட்டையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். அன்றைக்கு நான் வேண்டியது இரண்டாவது கோடு. குளியலறைக் குண்டு பல்பின் கீழே பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது, முடியளவு, ரோஜா நிறத்தில். என் வீட்டுக்காரர் ராபினை எழுப்பிக் காட்டினேன். அவர் கண்ணாடிகூடப் போடாமல், "ஆமா சுகிர்தா, இருக்கு" என்றார். மூன்று நாள் கழித்து இல்லை என்று ஆனது. உங்களுக்கு நிஜமாகவே தெரிந்ததா என்று கேட்டேன். "உன் மூஞ்சியில தெரிஞ்சது" என்றார். பிறகு பட்டை எதுவும் வைத்துப் பார்க்காத ஒரு வருஷத்தில் மகள் ஜெனி பிறந்தாள், இப்போது கோயம்புத்தூரில் கணினிக் கம்பெனியில் என்னையே அதட்டுகிறாள். ஆசைப்பட்டால் கண் கோடு போடும். அதே கண், ஆசைப்பட்டால் இருக்கிற கோட்டை அழிக்காதா? அழிக்கும். அதனால்தான் ஆசைப்படக்கூடாது. இதைச் சொல்வது எளிது, மர்ஜானா ஜன்னலில் வந்து நின்று, "மேடம், இப்ப என்ன மேடம்?" என்று கேட்காத வரைக்கும்.

"இன்னும் நேரம் இருக்கு மக்களே. போய் உக்காரு."

"உக்காந்தா உடனே எந்திரிக்கத் தோணுது மேடம்."

"அப்ப நில்லு."

"மேடம், என்னோடத யாராவது கேக்குறீங்களா?" உள்ளேயிருந்து முனீஸ்வரி. "எனக்கும் மூக்குலதான் குச்சி விட்டுச்சு. அவளுக்கு மட்டும் அத்தா வர்றாக, எனக்கு யாரும் வரலேங்கிறதால என் கோட்டுக்கு மதிப்பு இல்லையா?"

"உன் கோடும் வருது, பொறு."

"வருதா! அய்யய்யோ, வரக்கூடாது மேடம்!"

சிரிக்கிறார்கள் இரண்டு பேரும். பொம்மையைத் தவிர எல்லாரும் சிரித்தோம். பதினொன்று பதினெட்டு. சிரித்துவிட்டுக் குனிந்தபோது ஐந்தில் இருந்தது. முடியளவு. நிழலோ என்று தட்டைத் திருப்பினேன், கோடும் திரும்பியது. நிழல் என்றால் அங்கேயே நின்றிருக்கும். ஐந்தில் இரண்டாவது கோடு, மங்கல், ஆனால் கோடு. மூன்றில்? மூன்று வெறுமை. வெள்ளைத் தாள்போல வெறுமை. ரிஜிஸ்டரைத் திறந்தேன், முதல் நாள் என் கையெழுத்தில் எழுதியது, கட்டில் மூன்று மர்ஜானா, கட்டில் ஐந்து முனீஸ்வரி. மூன்று மர்ஜானா. மூச்சு எனக்குத்தான் திரும்பி வந்ததுபோல் இருந்தது. பாவம் முனீஸ்வரி என்று உடனே நினைத்தேன், உடனே இல்லை, இரண்டாவதாகத்தான் நினைத்தேன், அதற்காக வெட்கப்பட்டேன், அதுவும் கொஞ்சம்தான். இன்னும் ஏழு நிமிடம் இருக்கிறது, வாயை மூடிக்கொண்டு இரு என்று புத்தி சொன்னது. இருபத்தெட்டு வருஷமாக நேரத்துக்கு முன்னால் முடிவு சொல்லாதே என்று பாடம் நடத்துகிற வாய். அந்த வாய்தான் சொன்னது.

"மர்ஜானா, துணிய எடுத்து வை மக்களே. மூணு கிளியராத்தான் வருது" என்று சொல்லியிருந்தாலாவது போகட்டும். "மர்ஜானா, துணிய எடுத்து வை" என்று மட்டும் சொன்னேன். எண்ணைச் சொல்லவில்லை.

உள்ளே ஒரு கூச்சல். கட்டில் கிறீச்சிட்டது. "அப்ப எனக்குத்தான் கோடா?" என்று முனீஸ்வரி கேட்டாள், பிறகு பதிலுக்குக் காத்திராமல், "சரி விடு, நான் பேபியம்மாவோட இருந்துக்கிறேன், நீ போடி, போ, அத்தாட்ட நான் சலாம் சொன்னேன்னு சொல்லு" என்றாள். எழுந்து ஜன்னலருகே போனேன், பிள்ளை சந்தோஷப்படுவதைப் பார்க்கலாம் என்று. மர்ஜானா குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துக்கொண்டிருந்தாள். கட்டில் கம்பியில் அவளுடைய வெள்ளைத் தொழுகைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. கம்பிக்கு மேலே தகரத்தில் சிவப்பு எழுத்தில் 5.

பதினொன்று பத்தொன்பது. ஐந்து. தகரத்தில் ஐந்து. முனீஸ்வரி காலை நீட்டி உட்கார்ந்திருந்த கட்டிலைப் பார்த்தேன், மூன்று. ஜன்னலை ஒட்டிய கட்டில் ஐந்து, அங்கேதான் போனுக்கு சிக்னல் கிடைக்கும், அத்தாவோடு வீடியோவில் பேச இவள் கேட்டிருப்பாள், முனீஸ்வரி தலையணையைத் தூக்கிக்கொண்டு மூன்றுக்குப் போயிருப்பாள், செவ்வாயோ புதனோ, இரண்டு நிமிட வேலை, என்னிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? படுத்திருந்த கட்டிலின் எண்ணைப் பட்டையில் எழுதியிருக்கிறார்கள். எழுதச் சொன்னது நான். முதல் வருஷம், முதல் மாதம், பலகையில் நான் எழுதிப்போடுவது: கட்டில் எண் நோயாளியின் பெயர் அல்ல. பெயரைக் கேள், அவர்கள் வாயால் சொல்லவை, பிறகு மருந்தைக் கொடு. தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. வார்டுக்குப் போனதும் எல்லாரும் மூணாம் பெட்டுக்கு ஊசி, ஏழாம் பெட்டுக்குக் கஞ்சி என்றுதான் பேசுவோம், நானும்தான், நாக்குக்கு அது சுலபம். இந்தத் தப்பைச் செய்ய நர்ஸாக இருக்க வேண்டும். பள்ளிக்கூட வாத்தியார் பெயரைத்தான் எழுதச் சொல்லியிருப்பார். அப்படியானால் கோடு இவளுடையது. இவளுக்குத் தெரியாது. முனீஸ்வரிக்கும் தெரியாது. தட்டு என் பக்கம், ஜன்னலுக்கு வெளியே, ரிஜிஸ்டர் என் பக்கம், ரிஜிஸ்டரில் மூன்று மர்ஜானா, பட்டையில் மூன்று வெறுமை, ஏட்டில் எல்லாம் சரி. நான் நாற்காலியில் போய் உட்கார்ந்தால் போதும். ஒன்றும் செய்ய வேண்டாம், பொய்கூடச் சொல்ல வேண்டாம், பார்த்ததை எழுதினேன். நாற்பது நிமிடம்தானே. ஆறாம் நாள், மங்கல் கோடு, இருமல்கூட இல்லை, வண்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு, முகக்கவசம் போட்டு. வாசல் வரை போய், "கண்ணாடிய இறக்கிடுங்க" என்று நானே சொல்லலாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு யார் அத்தாவைக் கட்டிப்பிடிப்பார்கள்? ஷார்ஜாவில் ஒரே அறையில் எட்டுப் பேர், இரண்டடுக்குக் கட்டில்கள், அவளே சொன்னாள், போன வருஷம் ஒருத்தருக்கு வந்தபோது எட்டுப் பேரையும் சேர்த்து வெளியே தாழ்ப்பாள் போட்டார்களாம், அத்தா சிரித்துக்கொண்டே சொன்னாராம். எட்டுப் பேருக்கும் எங்கேயோ ஒரு மர்ஜானா. பதினொன்று இருபது. சந்தனமேரி. அவளை நினைக்கக்கூடாது என்று நினைத்தேன், அப்படி நினைத்ததே அவளை நினைத்ததுதான். போன மே மாதம் விடுதியை ஒரே நாளில் மூடினோம், பட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை, பஸ் நின்றுவிடும், போங்க போங்க என்று விரட்டினோம், சந்தனமேரி இருமிக்கொண்டே பஸ் ஏறினாள். ஒன்பதாம் நாள் அவள் அப்பா இறந்துபோனார். யார் கொடுத்து யாருக்கு வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. மீன் மார்க்கெட்டில் வந்திருக்கலாம், பக்கத்து வீட்டில் வந்திருக்கலாம். ஆகஸ்டில் திரும்பி வந்தாள். பெயர் கூப்பிட்டால், "பிரசன்ட் மேடம்" என்கிறாள், முன்பு சொன்ன அதே குரலில். அதே குரல்தான். அதைக் கேட்க முடியாமல் அவள் பெயரை மட்டும் வேகமாகக் கூப்பிட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறேன். உள்ளே மர்ஜானா பையைக் கட்டுகிறாள், ஜிப் ஓடுகிற சத்தம், நின்று, மறுபடியும் ஓடுகிறது. வேறொரு பட்டை எடுத்து மறுபடியும் பார்த்தால்? பெட்டியில் இன்னும் நான்கு இருக்கிறது. வேண்டிய பதில் வரும் வரைக்கும் பட்டை போடுவதா, ராபின் இருந்தால் சிரிப்பார். கோடு கருக்கிறது. இல்லை, கருக்கவில்லை, நான்தான் உற்றுப் பார்க்கிறேன். பதினொன்று இருபத்துமூன்று. போகட்டுமே. போகக்கூடாது. நல்ல பிள்ளை, வார்டில் கிழவர்களுக்குச் சோறு ஊட்டும்போது தன் வாயையும் திறப்பாள், தனக்கே தெரியாமல். அவளுக்கு இதை நான் செய்வதா? செய்யாமல் இருப்பதும் நான் செய்வதுதான். பதினொன்று இருபத்துநாலு. முனீஸ்வரியை நினைத்துப் பார்த்தாயா, இரண்டாவது கோடே இல்லாத பிள்ளை, இன்னும் இரண்டு நாள் பொம்மையோடு கிடக்கப் போகிறது, தன் கோடு என்று நம்பிக்கொண்டு, போடி போடி என்று சிரித்துக்கொண்டு. அவளை இரண்டாவதாக நினைப்பதே எனக்கு வழக்கமாகிவிட்டது.

பதினொன்று இருபத்தைந்து. தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன்.

"மர்ஜானா. நீ எந்தக் கட்டில்ல படுத்திருக்க?"

"அஞ்சுல மேடம். சிக்னலுக்காக மாறுனோம். ஏன் மேடம்?" கேட்டுக்கொண்டே இருந்தவள் என் முகத்தைப் பார்த்தாள், முகத்தில் தெரிவதோ இரண்டு கண்தான். "மேடம், நீங்கதானே துணிய எடுத்து வைக்கச் சொன்னீங்க."

"சொன்னேன். மூணு உன்னோடதுன்னு நெனச்சுச் சொன்னேன். பேரக் கேக்கல. என் தப்பு."

தட்டைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தேன். நெற்றி கண்ணாடியில் ஒட்ட அவள் பார்த்தாள். மூச்சு பட்டுக் கண்ணாடி வெளுத்தது, புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"எனக்குத் தெரியல மேடம்" என்றாள். "ஒண்ணுமே இல்ல. முனி, நீ வந்து பாருடி. ஒண்ணும் இல்லன்னு சொல்லுடி."

முனீஸ்வரி வந்தாள். இரண்டையும் பார்த்தாள், மூன்றைப் பார்த்துவிட்டு ஐந்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. கமுதித் தொண்டை முதல்முறையாகத் தணிந்து கேட்டது.

"இருக்குடி."

மர்ஜானா என்னைத் திட்டியிருக்கலாம். "அஞ்சு நிமிஷம் முன்னாடி அத்தாட்ட வர்றேன்னு சொல்லிட்டேன்" என்று மட்டும் சொன்னாள், பிறகு கட்டிலில் உட்கார்ந்து பையில் முகத்தை வைத்துக்கொண்டாள். முனீஸ்வரி அவள் முதுகில் கை வைத்தாள். அந்தக் கையை நான் தடுக்கவில்லை. மர்ஜானாவின் போன் அடித்தது, ஜன்னல் விளிம்பில் கிடந்தது. "நீங்களே சொல்லுங்க மேடம்" என்று பையின் மேலிருந்தே சொன்னாள். கிருமிநாசினி தெளித்துத் துடைத்து எடுத்தேன். வண்டி ஓடுகிற சத்தம், ஒரு பையனிடம் யாரோ ஜன்னலை மூடச் சொல்கிறார்கள்.

"மர்ஜானா அத்தாங்களா? நான் அவ டீச்சர், சுகிர்தா. கோடு இன்னும் இருக்குங்க. லேசாத்தான். ஆனா இருக்கு. அனுப்ப முடியாது. நான்தான் அவசரப்பட்டு வரலாம்னு சொல்லிட்டேன், பிள்ள மேல தப்பு இல்ல."

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்வது கேட்டது.

"சரிங்க மேடம்" என்றார். "கண்ணால பாக்கலாமா? தூரத்துலேந்து?"

பார்வையாளர் யாரும் கூடாது என்பது சுற்றறிக்கையின் நான்காம் பாயிண்ட். டெமோ ரூமுக்குப் பின்னால் வாகை மரம் நிற்கிற வெற்றிடம் இருக்கிறது, ஜன்னல் அந்தப் பக்கமும் உண்டு. மரத்துக்கும் ஜன்னலுக்கும் பத்தடி.

"வாங்க" என்றேன். "வாசல்ல நான் நிக்கிறேன். பின்பக்கமாக் கூட்டிட்டுப் போறேன். ஆனா பத்தடி தள்ளித்தான் நிக்கணும்."

"பத்தடியா?" அவர் சிரித்தார், நிஜமாகவே சிரித்தார். "மூணு வருஷமா இந்த போன்லதான் மேடம் பாத்துக்கிட்டிருக்கேன், இத்துனூண்டா. பத்தடின்னா எங்களுக்கு ரொம்பப் பக்கம்."

அதை நான் அப்படியே உள்ளே சொன்னேன். என் வார்த்தையாக எதையும் சேர்க்கவில்லை. மர்ஜானா பையிலிருந்து முகத்தைத் தூக்கினாள், மூக்கை உறிஞ்சினாள், எழுந்து பின்பக்க ஜன்னலைத் திறந்து மரத்தைப் பார்த்தாள், கண்ணால் அளப்பதுபோல. முனீஸ்வரியை வெளியே வரச் சொன்னேன், உனக்குக் கோடு இல்லை, கிளம்பு.

"ரெண்டு மணிக்கு மேல வர்றேன் மேடம். இவளுக்கு யாரு தல சீவுறது? பேபியம்மாவா?" என்றவள், மர்ஜானா கட்டிய பையைப் பிரித்து ஒவ்வொரு துணியாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இந்தப் பச்ச வேண்டாம்டி, உள்ள இருட்டோட இருட்டாப் போயிரும். மஞ்சளப் போடு. பத்தடியில மஞ்சள்தான் பளிச்சுன்னு தெரியும்."